ஊசிக்குள் என்ன இருக்கிறது?

சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தின் செல் வளர்ப்புப் பிரிவில்தான் என் முதல் வேலை. உயிரித் தொழில்நுட்பத்தில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு சேர்ந்தேன். எங்களுக்கு மனிதக் கொழுப்பு ஐஸ் பெட்டியில் வந்து சேரும். வயிற்றிலோ தொடையிலோ லிப்போசக்‌ஷன் செய்துகொண்டவர்கள், உறிஞ்சி எடுத்ததை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பாட்டிலில் பெயர் இருக்காது. ஓர் எண் மட்டும் ஒட்டியிருக்கும். மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம், நடுவில் மஞ்சள் கொழுப்பு, அடியில் ரத்தம் கலந்த உப்புநீர்.

கழுவுவதிலேயே வெகுநேரம் போய்விடும். உப்புக் கரைசலை ஊற்றிக் குலுக்கி, அடியில் இறங்கும் சிவப்பு நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, மறுபடி ஊற்றவேண்டும். நீர் தெளிந்த பிறகு கொலாஜினேஸ் என்ற நொதியைச் சேர்ப்போம். கொழுப்புச் செல்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கொலாஜன் நார்களை அது அறுத்துவிடும். 37 டிகிரி வெப்பத்தில் ஆடிக்கொண்டிருக்கும் தொட்டியில் அரைமணி, முக்கால்மணி வைத்தால் கட்டிகளெல்லாம் கரைந்து, உருக்கின வெண்ணெய்போல ஆகிவிடும். அதைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றினால் கொழுப்பு நிறைந்த பெரிய செல்கள் மிதக்கும். மற்றவை குழாயின் கூம்படியில் சிவந்த பொட்டாகப் படியும். அந்தப் பொட்டுதான் எங்களுக்கு வேண்டும்.

கொழுப்பைக் கொலாஜினேஸால் பிரிக்கும் முறையை மார்ட்டின் ராட்பெல் 1964இல் எலிகளின் கொழுப்பில் செய்து காட்டினார். அவருடைய ஆய்வுக்கு வேண்டியிருந்தது மேலே மிதந்த கொழுப்புச் செல்கள். அடியில் படிந்ததன்மீது எல்லோருடைய கண்ணும் விழ இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 2001இல் பாட்ரிஷியா ஸுக்கும் அவருடைய குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லிப்போசக்‌ஷனில் எடுத்த மனிதக் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களை, தகுந்த சூழலில் வளர்த்தால் கொழுப்பாக, எலும்பாக, குருத்தெலும்பாக, தசையாக மாறும் போக்கைக் காட்டுகின்றன என்றார்கள். அதுவரை இப்படிப் பலவகையாக மாறவல்ல ஸ்டெம் செல் வேண்டுமென்றால் பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் ஊசி போடவேண்டியிருந்தது. குப்பைக்குப் போகும் கொழுப்பிலும் அது இருக்கிறது என்றதும் உலகெங்கும் ஆய்வகங்கள் ஐஸ் பெட்டிகளை வாங்கத் தொடங்கின. எங்கள் கூடமும் அந்த வரிசையில் வந்ததுதான்.

அந்தச் சிவந்த பொட்டு முழுக்க ஸ்டெம் செல் என்று வெளியே பலர் நினைக்கிறார்கள். ரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள், அக்குழாய்களை அணைத்திருக்கும் செல்கள், நார்ச்செல்கள், மேக்ரோபேஜ் முதலான நோய் எதிர்ப்புச் செல்கள், கழுவியும் போகாத சிவப்பணுக்கள் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். ஸ்டெம் செல் என்று சொல்லத்தக்கவை அதில் ஒரு சிறு பங்கு. அவற்றைத் தனியே பெற, கலவையைக் குடுவையில் ஊற்றி இன்குபேட்டரில் வைப்போம். அடியில் ஒட்டாதவற்றை மறுநாள் கழுவி எடுத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இரு முனையும் கூர்ந்த ஒல்லியான செல்கள் குடுவையின் அடியைப் பற்றிக்கொண்டு நீண்டு கிடக்கும்.

எண்ணுவதும் என் வேலை. ஒரு சொட்டோடு டிரிபேன் நீலம் சேர்த்து, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் விடுவேன். செத்த செல் சாயத்தைக் குடித்து நீலமாகிவிடும். உயிருள்ளது பளிச்சென்று நிற்கும். கட்டம் கட்டமாக எண்ணிக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். கொடுத்தவரின் வயது, எடுத்த இடம், பெட்டி வந்து சேர ஆன நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை மாறும். அதனால் எந்தக் குழாயையும் லேபிள் இல்லாமல் கையிலிருந்து கீழே வைக்கக் கூடாது என்பது எங்கள் கூடத்தின் முதல் விதி. எந்தக் கொழுப்பு, எந்தத் தேதி, எத்தனையாவது வளர்ப்பு, உயிரோடு எத்தனை விழுக்காடு என்பதெல்லாம் தெரியாத குழாய், எவ்வளவு பாடுபட்டுத் தயாரித்ததானாலும், குப்பைக்குத்தான் போகும்.

என் தங்கை விருதுநகரில் பள்ளி ஆசிரியை. சின்ன வயதில் அவளுடைய பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்தால், அம்மா சாம்பிராணிப் புகை காட்டிச் சிக்கெடுத்து முடிக்க ஒரு பொழுது ஆகும். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முடி கொட்டத் தொடங்கியது. பிறகு டெங்கு வந்து படுத்து எழுந்தாள். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்து, சீப்பை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. முன்பக்கக் கோடு அப்படியே இருக்க, வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போனது.

ஆண்களுக்கு வழுக்கை விழுந்தால் ஊர் அதை வயதின் கணக்கில் எழுதிவிடும். பெண்ணுக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. என் தங்கை வகுப்பில் மின்விசிறிக்கு நேர்கீழே நிற்பதை விட்டுவிட்டாள். காற்றில் முடி பிரிந்தால் உச்சந்தலை தெரிந்துவிடும் என்று கரும்பலகையின் இடது ஓரத்தில் ஒதுங்கி நின்று பாடம் நடத்தினாள். கல்யாண வீடுகளில் மல்லிகைச் சரம் வைக்க முடி பிடிக்கவில்லை. சவுரி வைத்துப் பின்னி, அதில் குத்திக்கொண்டாள். கரிசலாங்கண்ணி காய்ச்சின எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, காலையில் கறிவேப்பிலைத் துவையல் என்று யார் எதைச் சொன்னாலும் செய்து பார்த்தாள். என்னிடம் எதையும் சொல்லவில்லை. ஒருநாள் போன் செய்தாள்.

“அக்கா, கொழுப்புல இருந்து ஸ்டெம் செல் எடுக்குறதுன்னு சொல்வியே, அதை இப்ப தலைக்கே ஊசி போடுறாங்களாம். வயித்துல இருந்து எடுத்து அன்னைக்கே போட்டுவிட்டுடுவாங்களாம். வளையலை அடகு வச்சாவது செஞ்சுக்கலாம்னு பாக்குறேன். நீ செஞ்ச வேலைதானே இது?”

நான் செய்த வேலைதான். அதனாலேயே அவளோடு நானும் போனேன்.

அது ஒரு நகரத்தில் இருந்த தனியார் அழகியல் மருத்துவமனை. மருத்துவர் வருவதற்கு முன் ஆலோசகர் என்று ஓர் இளம்பெண் கையில் டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்தார். சிகிச்சைக்கு முன், பின் என்று படங்கள். முன்படத்தில் தலை ஈரமாக, மேலிருந்து வெளிச்சம் விழ இருந்தது. பின்படத்தில் உலர்ந்து, வாரிவிட்டு, வெளிச்சம் பக்கவாட்டில் இருந்தது. நான் என் வேலையைப் பற்றிச் சொல்லவில்லை. கேள்வி மட்டும் கேட்டேன்.

“கொழுப்பை எடுத்ததும் நொதி போட்டுப் பிரிப்பீங்களா, இல்ல வெறுமனே சுத்தவிட்டு எடுப்பீங்களா?”

“எல்லாம் மெஷின்லயே ஆயிடும் மேடம்.”

“நொதி போட்டா, ஊசியில ஏத்துறதுக்கு முன்னால அதைக் கழுவி எடுக்கணுமே? செல் எத்தனைன்னு யார் எண்ணுறாங்க?”

“கோடிக்கணக்குல இருக்கும் மேடம். உங்க உடம்புல இருந்தே எடுத்து உங்களுக்கே போடுறதால சைட் எஃபெக்ட்டுங்கிற பேச்சே இல்லை.”

அந்தப் பெண்ணின்மீது எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார். ஆனால் அவர் கையிலிருந்த தாளில், ஒரே தலைப்பின் கீழ் நான்கு வெவ்வேறு பொருள்கள் ஒன்றுபோல அச்சாகியிருந்தன. கொழுப்பை இரு சிரிஞ்சுகளுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளி, நைய அடித்து வடிகட்டி எடுப்பது நானோஃபேட். 2013இல் பெல்ஜியத்தின் டோனார்ட் குழுவினர் விவரித்த முறை அது. நொதியால் பிரித்து எடுக்கும் சிவந்த கலவை இன்னொன்று. அதிலிருந்து குடுவையில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கிய செல்கள் மூன்றாவது. அந்தச் செல்கள் வளர்ந்த திரவத்தை மட்டும் வடித்து, செல்லே இல்லாமல், அதிலுள்ள வளர்ச்சிப் புரதங்களுக்காகப் பூசுவதோ குத்துவதோ நான்காவது. எங்கள் கூடத்தில் இந்த நான்கையும் ஒரே ரேக்கில்கூட வைக்கமாட்டோம். தங்கையின் தலையில் இவற்றில் எது இறங்கப்போகிறது என்பதை அந்த அறையில் யாராலும் சொல்ல முடியவில்லை.

வெளியே வந்து, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காபி குடிக்க உட்கார்ந்தோம். “அப்ப இது பொய்யாக்கா?” என்று கேட்டாள். பொய் என்று ஒரு சொல்லில் முடித்திருந்தால் அவளுக்கும் எளிது, எனக்கும் எளிது. ஆனால் இந்த அறிவியலின்மீது நான் உயிரையே வைத்திருந்தேன்; இப்போதும் வைத்திருக்கிறேன். ஆகவே தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

முடி ஒவ்வொன்றும் தனித்தனிச் சுழற்சியில் வாழ்கிறது. இரண்டிலிருந்து ஆறு ஆண்டு வளரும், இரண்டு மூன்று வாரத்தில் சுருங்கும், மூன்று மாதம்போல ஓய்ந்திருந்து உதிரும். பிறகு அதே வேரிலிருந்து புதியது கிளம்பும். தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி இருப்பதால் ஒரு நாளைக்கு ஐம்பதிலிருந்து நூறு உதிர்வது இயல்பு. வளரும் பருவத்தில் முடியின் குமிழ் தோலைத் தாண்டி அடிக்கொழுப்புக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கொழுப்புக்கு அங்கே என்ன வேலை என்று யேல் பல்கலைக்கழகத்தில் வேலரி ஹார்ஸ்லியின் குழு தேடியது. முதிராத கொழுப்புச் செல்கள் ஒரு வளர்ச்சிப் புரதத்தைச் சுரந்து, ஓய்ந்துகிடக்கும் முடிவேரின் ஸ்டெம் செல்களை எழுப்புகின்றன என்று 2011இல் எலிகளில் காட்டினார்கள். அந்தச் செல்கள் குறைந்த எலிகளில் முடி அடுத்த சுற்றுக்குப் போகவில்லை; வெளியிலிருந்து அவற்றைக் கொண்டுவந்து வைத்தபோது போனது. கொழுப்பைத் தலைக்குக் கொண்டுபோகலாம் என்ற எண்ணத்துக்குப் பின்னால் இப்படி ஒரு திடமான காரணம் உண்டு.

மனிதர்களிலும் முயற்சிகள் நடந்திருக்கின்றன. தென்கொரியாவில், கொழுப்பு ஸ்டெம் செல்லின் சாறைத் தலையில் தினம் இருவேளை தடவும் சோதனை ஒன்று நடந்து 2020இல் வெளியானது. 38 பேர், பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தில்லாத அதே போன்ற திரவம். யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, அளந்தவர்களுக்கும் தெரியாது. 16 வாரம் கழித்து, மருந்து தடவியவர்களுக்கு முடியின் எண்ணிக்கை 28.1 விழுக்காடு கூடியிருந்தது. வெறும் திரவம் தடவியவர்களுக்கும் 7.1 விழுக்காடு கூடியிருந்தது. அந்த இரண்டாவது எண்ணைத்தான் தங்கையிடம் அழுத்திச் சொன்னேன். ஒன்றுமே இல்லாத திரவத்தைத் தடவியவர்களுக்கும் முடி கூடியிருக்கிறது என்றால், ஒப்பிட்டுப் பார்க்க ஆளில்லாமல் எடுத்த எந்தப் படத்தையும் நாம் நம்ப முடியாது. மேலும் அது தடவும் சாறு. அதில் செல் இல்லை. அவளுக்கு விற்க வந்ததோ அவளுடைய வயிற்றுக் கொழுப்பைத் தலையில் குத்தும் ஊசி. சொந்தக் கொழுப்பின் செல்களைத் தலையில் செலுத்திப் பார்த்து 2017இல் வெளியான பெரெஸ்-மேசா குழுவின் அறிக்கையில் முடி அடர்ந்ததாகக் கண்டார்கள். ஆனால் அதில் இருந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. ஒப்பிட ஒரு குழுவும் இல்லை.

“சரி, வேலை செய்யலைன்னா பணம்தானே போகும். என் கொழுப்பு என்னை என்னக்கா பண்ணும்?” என்றாள்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 2015இல் மூன்று மூதாட்டிகளுக்கு நடந்ததைச் சொன்னேன். விழித்திரை தேய்ந்து பார்வை குறைந்துகொண்டிருந்தவர்கள். அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பிலிருந்தே எடுத்த செல்களை, ஒரே நாளில் இரு கண்களிலும் ஊசியாகப் போட்டார்கள். அதற்கு ஆளுக்கு 5,000 டாலர் கட்டணமும் வாங்கினார்கள். மூவரின் பார்வையும் கடுமையாகப் பறிபோனது. 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அது விரிவாக வந்தது. கண் வேறு, தலைத்தோல் வேறு. தலையில் குத்தினால் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. சொந்தச் செல் என்பது, உடம்பு அதை அந்நியமாகத் தள்ளிவிடாது என்பதற்கு மட்டுமே உறுதி. எடுக்கும் கையின் சுத்தம், நொதியின் மிச்சம், புதிய இடத்தில் அந்தச் செல் என்னவாக மாறும் என்பது, இவை எதற்கும் அது உறுதி தராது. லிப்போசக்‌ஷனும் ஓர் அறுவைதான். மரத்துப்போகச் செலுத்தும் மருந்துக்கு அளவு உண்டு; ரத்தக்கட்டும் தொற்றும் வர வாய்ப்பு உண்டு.

நம் நாட்டின் வழிகாட்டுதலும் எச்சரிக்கையாகவே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை போன்ற நிலைபெற்றவை தவிர மற்ற எல்லாப் பயன்பாடும் அனுமதி பெற்ற மருத்துவச் சோதனையாக மட்டுமே நடக்கலாம். முடி உதிர்வு நிலைபெற்ற பட்டியலில் இல்லை. சோதனை என்றால் பங்கேற்பவரிடம் காசு வாங்கக் கூடாது. அவருக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் தரவேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் மருந்துச் சோதனை விதிகள் சொல்கின்றன. வளையலை அடகு வைத்து வாங்கவேண்டிய சோதனை என்று ஒன்று கிடையாது.

ஊருக்குத் திரும்புகிற வழியில் மதுரையில் ஓர் அரசு மருத்துவமனையின் தோல்நோய்ப் பிரிவுக்கு அவளைக் கூட்டிப்போனேன். வரிசையில் உட்கார்ந்து காத்திருந்தோம். மருத்துவர் பேசுவதற்கு முன் அவளுடைய தலையைத் தொட்டுப் பார்த்தார். ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கிடையே பிடித்து மெல்ல இழுத்து, வந்ததை வெள்ளைத் தாளில் வைத்து எண்ணினார். பிறகு முடியைப் பெரிதாக்கிக் காட்டும் டிரைகோஸ்கோப்பை வகிட்டில் வைத்துத் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். ஒரே சதுரத்துக்குள் கறுத்துத் தடித்த முடி, அதன் பக்கத்தில் பாதித் தடிமனில் ஒன்று, அடுத்து பூனைமயிராக வெளுத்து ஒன்று. ஒரே துளையிலிருந்து இரண்டு மூன்றாக வரவேண்டிய இடங்களில் ஒற்றை முடி நின்றது. உச்சியில் இப்படி, பின்மண்டையில் வைத்தபோது எல்லாம் ஒரே தடிமனாக இருந்தன. எவ்வளவோ செல்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்த எனக்கு, என் தங்கையின் தலையை அப்படிப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

“ரெண்டு பிரச்சினை ஒண்ணு மேல ஒண்ணா வந்திருக்கும்மா” என்றார் மருத்துவர். காய்ச்சலில் அதிர்ந்த முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய் ஒரே நேரத்தில் உதிர்ந்தது ஒன்று. அது தானே திரும்பும். வகிடு அகலமாவது பெண்களுக்கு வரும் பரம்பரை உதிர்வு. 1977இல் லுட்விக் என்பவர் வகுத்த மூன்று படிநிலைகளில் இது முதலாவது, இப்போதே கவனித்தால் காப்பாற்றலாம் என்றார். தைராய்டும் இரும்புச்சத்தும் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரும்பு மாத்திரையும் மினாக்ஸிடிலும் எழுதினார். மினாக்ஸிடில் ரத்த அழுத்த மாத்திரையாக 1979இல் வந்தது. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைப் பார்த்து, பிறகு தலையில் தடவும் திரவமாக ஆக்கினார்கள். அமெரிக்காவில் 1988இல் அனுமதி கிடைத்தது.

“முதல் சில வாரம் இன்னும் கொட்டும். பழைய முடியைத் தள்ளிட்டுப் புதுசு வருதுன்னு அர்த்தம். பயந்து நிறுத்திடாதீங்க. நாலு மாசத்துக்கு முன்னாடி கண்ணாடியில தேடாதீங்க. நிறுத்தினா பலனும் போயிடும். பழைய பின்னல் திரும்ப வரும்னு நான் சொல்லமாட்டேன்” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு என் தங்கை அழுவாள் என்று நினைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதன்முறையாக ஒருவர் அவளுடைய தலையைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னார். அதைத் தாங்கும் தெம்பு அவளுக்கு இருக்கிறது என்று நம்பியும் சொன்னார்.

முடி மெல்ல மெல்லத்தான் வந்தது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் அதற்கு வளரத் தெரியும். வகிட்டின் இருபுறமும் குட்டைக் குட்டையாகப் புது முடி நின்றதை அவளே தொட்டுக் காட்டினாள். சவுரி இப்போதும் கல்யாணங்களுக்கு உண்டு. வகுப்பில் மட்டும் பழையபடி அறையின் நடுவில் நின்று பாடம் எடுக்கிறாள்.

நான் அந்தக் கூடத்தில் வேலை செய்தது தெரிந்து, இப்போது சொந்தத்திலும் நட்பிலும் பலர் இதே கேள்வியோடு கூப்பிடுகிறார்கள். யாரையும் நான் விரட்டுவதில்லை. கேட்கவேண்டியதைச் சொல்லித் தருகிறேன். ஊசியில் ஏற்றுவது எது, அதில் உயிருள்ள செல் எத்தனை என்று எழுதித் தருவார்களா? இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இதற்கு எண் உண்டா? நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே? ஒப்பீட்டுக் குழு யார்? காசு கேட்கிறார்களா? அந்தப் பதிவேடு 2007இல் தொடங்கி எல்லோரும் பார்க்கத் திறந்தே இருக்கிறது. அதில் எண் இல்லாமல் காசு மட்டும் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள் என்கிறேன்.

என் தங்கை வேறொன்று சொன்னாள். “ஒழுங்கா ஒரு சோதனை நடந்தா எனக்குச் சொல்லுக்கா. வெறும் தண்ணி ஊசி எனக்கு விழுந்தாலும் பரவாயில்லை. என் பொண்ணு வளர்றதுக்குள்ள உண்மை தெரியட்டும்.” இந்த அறிவியலுக்கு இன்று மிகவும் தேவைப்படுவது அவளைப்போன்ற மனிதர்களின் இந்தச் சம்மதம். கொழுப்பு ஏராளமாகக் கிடைக்கிறது. பிரிக்கவும் எண்ணவும் தெரிந்தவர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறார்கள். ஊசி போட்டவர்களின் தலையை, போடாதவர்களின் தலையோடு பொறுமையாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பாக்கி. பணம் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டவரின் அனுபவம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் அவரோடு போய்விடுகிறது. சோதனையில் சேர்ந்தவருக்குப் பலன் கிடைக்காவிட்டாலும், அடுத்தவருக்கு ஒரு விடை மிஞ்சுகிறது. இந்தச் சிகிச்சை வெல்லவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். வென்றது என்று அளந்து காட்டிய பிறகுதான் அதற்கு விலை வைக்கவேண்டும்.